புத்தக அறையில் ஒரு மறுதேர்வு

திருப்புதல் வகுப்பு என்றாலே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்துவிடும். அதற்காக நான் ஒருநாளும் அவர்களைக் கடிந்துகொண்டதில்லை. காலங்கள், எதிர்ச்சொல், வினைச்சொல்லின் மூன்று வடிவங்கள், கடைசியில் அந்தப் பழைய நாவல். இருபத்திரண்டு வருடமாக ஆங்கில வகுப்பில் இதே வரிசைதான். எனக்கே சில நாள் கண் சொருகும்.

நீங்கள் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். வகுப்பில் அவளைப் பூனை என்று கூப்பிடுவார்கள். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. வாய் திறந்து ஒரு பதில் சொல்லாதவள், நாவலைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அந்த நாவலில் ஒரு படகோட்டி, பயணி ஒருவனைத் திருடன் என்று சந்தேகப்பட்டு ஆளில்லாத தீவில் விட்டுவிட்டு வருகிறான். 'படகோட்டிக்குத் திருடனைப் பிடிப்பது முக்கியமில்லை, தான் ஏமாறவில்லை என்பதுதான் முக்கியம்' என்று எழுதியிருந்தாள். இத்தனை வருடம் பாடம் நடத்திய எனக்கு அது தோன்றியதில்லை. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு எப்படித் தோன்றும்? நீங்களே சொல்லுங்கள்.

எங்கிருந்தோ சுட்டிருக்கிறாள் என்று முடிவு செய்தேன். கைடுகளையெல்லாம் புரட்டிப் பார்த்தேன், எதிலும் இல்லை. இல்லாததுதான் சந்தேகத்தைக் கூட்டியது. தையற்கடையில் பொத்தான் தைக்கும் அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"அந்த புக்க ஆறு தடவ படிச்சா சார். சாப்பிடும்போதுகூட கையிலதான் இருக்கும்," என்றார்.

ஆறு என்று கணக்காகச் சொல்கிறாரே, யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் மறுதேர்வு வைத்தேன். என் வகுப்பை ஒட்டினாற்போல் புத்தக அறை. பழைய விடைத்தாள் கட்டுகள், தொட்டாலே கிளம்பும் தூசி. ஜன்னல் திறக்க வராது. அதுவும் வசதிதான், வெளியிலிருந்து யாரும் சீட்டுக் கொடுக்க முடியாது. அவள் பையை நான் வாங்கிக்கொண்டேன்.

"சார், பைல இன்ஹேலர் இருக்கு. தூசின்னா எனக்கு இழுத்துக்கும். அத மட்டும் வெச்சுக்கறேனே."

"எழுதி முடிச்சிட்டு வாங்கிக்கோம்மா. எங்கயும் ஓடிடாது," என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அந்தச் சின்ன டப்பாவுக்குள் எவ்வளவு காகிதத்தை மடித்து வைக்கலாம் என்பது என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். கதவைப் பூட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

அரை மணி நேரம் கழித்துத் தட்டும் சத்தம். கேட்கவே இல்லை என்று தலைமையாசிரியரிடம் சொல்லியிருந்தேன், அதை இப்போது திருத்திக்கொள்கிறேன். கேட்டது. கேள்வி கஷ்டமாக இருந்தால் தண்ணீர் வேண்டும், வெளியே போக வேண்டும் என்று ஆரம்பிப்பார்கள். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். சுவரோரம் உட்கார்ந்திருந்த வாயாடி ஒருத்தி எழுந்து, "சார், பூனை கதவத் தட்டுறா," என்றாள்.

"நீ போர்டப் பாரு," என்றேன்.

வினைச்சொற்களை எல்லோரையும் சேர்ந்து சொல்லவைத்தேன். கோ, வெண்ட், கான். அவள் திரும்பவும் தட்டினாள். "பத்தல, இன்னும் சத்தமா," என்றேன். பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது, மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார்கள். மூன்றாவது முறை சத்தம் கதவின் அடியிலிருந்து வந்தது. தரையில் கிடந்தபடி தட்டியிருக்க வேண்டும். அவள் நடிக்கவில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கதவைத் திறந்தால் என் சந்தேகம் தப்பு என்று ஆகிவிடும், அதுவும் முப்பது பிள்ளைகள் முன்னால். மணி அடிக்கும்வரை அவர்களைச் சொல்லவைத்தேன்.

இதற்குக் கொலை என்று பெயரென்றால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

உங்கள் ஆட்கள் தேடிய விடைத்தாள் என் வீட்டில் இருக்கிறது. அன்று மாலையே திருத்திவிட்டேன். போகப் போகக் கையெழுத்து கோணிக்கொண்டே போகிறது, ஆனாலும் அத்தனையும் அவளே யோசித்து எழுதியது. அவள் காப்பியடிக்கவில்லை. அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. நாற்பதுக்கு முப்பத்தெட்டு போட்டிருக்கிறேன். முடிவுரை எழுதவில்லை, அதற்காக இரண்டு குறைத்தேன். நான் யாரிடமும் பாரபட்சம் காட்டியதில்லை.