தொலைபேசிக்கு எதிரே ஒரு நாற்காலி

எங்கள் சங்கத்துப் பயிற்சி வகுப்புகளில் கொடுக்கிற வடை எப்போதும் ஆறிப்போயிருக்கும். தேனியில் சூடான வடைக்குப் பஞ்சமில்லை. விடிந்ததுமே வாங்கி அடுக்கிவிடுவார்கள். தலைவர் பேசி முடிக்கும்வரை யாரும் தொடக்கூடாது. அவர் பேசி முடிப்பதற்கு மதியம் ஆகிவிடும். இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், அந்தச் சங்கத்தில் எது எதற்காகக் காத்திருக்கும் என்பது இந்த வடையிலேயே தெரிந்துவிடும்.

இன்ஸ்பெக்டர் ஐயா, மலைச்சாமியின் வழக்கு தொடர்பாக எனக்குத் தெரிந்ததை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். முன்பு வாய்மொழியாக நான் சொன்னது சரியில்லை. இதை வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளமாக இருக்கும். சின்னமனூரில் ஓர் அச்சகத்தில் வெகுகாலம் மெய்ப்புத் திருத்தியவள் நான்; அவசரமாக எழுதிப் பழக்கமில்லை.

பள்ளத்தாக்கில் ஜீப், வேன், விடுதி, ஓட்டல் வைத்திருக்கிறவர்கள் சேர்ந்து நடத்துகிற சுற்றுலாத் தொழில் சங்கம் அது. தலைவர் சீனிச்சாமி, திராட்சைத் தோட்டத்தை விற்று வேன் வாங்கியவர். மாதம் ஒரு செய்தி மடல் வரும்; அதை நான் தயாரித்தேன். மாதம் ஒரு பயிற்சியும் நடக்கும். மதுரையிலிருந்து சட்டையை உள்ளே செருகிய ஒருவர் வந்து, ஜீப் ஓட்டுகிறவர்களை எதிரெதிரே நிறுத்தி, ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரிக்கச் சொல்லுவார். அடுத்தது நெட்வொர்க்கிங். ஆளுக்கொரு விசிட்டிங் கார்டு அச்சடித்து வந்து, அதைக் கொடுத்துத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். ஒரே தெருவில் பிறந்து ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுத்தவர்கள், மச்சானுக்கு மச்சான் கார்டு நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

"வணக்கம், எம்பேரு ஒச்சாண்டி. ஜீப் வச்சிருக்கேன்."

"தெரியும்லே. ஒங் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்டதே நாந்தானே."

எல்லோரும் சிரிப்பார்கள். பயிற்சியாளரும் சிரித்துவிட்டு, இந்த நெருக்கம்தான் தொழிலின் மூலதனம் என்பார். நான் அதை அப்படியே மடலில் போடுவேன்.

இவர்களுக்கெல்லாம் சோறு போட்டது நரிப்பாறை அருவி. கடமலைக்குண்டு தாண்டி, வருசநாட்டு மலையடியில் இருக்கிறது. அருவியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டும். அப்படிக் கொட்டினால் கொஞ்ச நேரத்தில் கீழே வெள்ளம் வரும். முன்பெல்லாம் ஒரு வழக்கம் இருந்தது. மலைமேல் ஏலத்தோட்டத்தில் கடை வைத்திருக்கும் சுருளியாண்டி, ஓடையில் தண்ணீர் ஏறியதும் அருவியடியில் உள்ள டிக்கெட் கொட்டகைக்குப் போன் செய்வார். கொட்டகையில் இருக்கிற மலைச்சாமி, அங்கே தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடிப்பார். பள்ளிக்கூட மணி மாதிரிக் கேட்கும். குளிக்கிறவர்கள் கரையேறிவிடுவார்கள். சில நாள் மணி அடித்தும் வெள்ளம் வராது. கரையேறியவர்கள் மறுபடி இறங்கவும் மாட்டார்கள். சங்கத்தின் துயரம் அதுதான்.

"மேகம் லேசாக் கறுத்தாப் போதும், சுருளியாண்டி போனைப் போட்டுர்றான். இவன் தண்டவாளத்தப் போட்டு அடிக்கான். கூட்டம் தலையத் தொவட்டிக்கிட்டு பஸ் ஏறிருது," என்று ஒரு பயிற்சி நாளில் சீனிச்சாமி மைக்கில் சொன்னார். "இப்படியே போனா நாமெல்லாம் வேனை வித்துப்புட்டு வெங்காயம் உரிக்க வேண்டியதுதான்."

உறுதி செய்யாத செய்தி தொழிலுக்கு எதிரி என்றார் மதுரைக்காரர். முதலில் கை தட்டியவர் தேவதானப்பட்டியில் விடுதி வைத்திருக்கும் சுந்தரலிங்கம். அன்றைக்கே விதி வந்தது. கொட்டகையின் தொலைபேசி எண்ணை மாற்றி, அது அலுவலகத்துக்கு மட்டும் தெரியும்படி வைத்தார்கள். மலையிலிருந்து சேதி இனி தேனி அலுவலகத்துக்கு வரவேண்டும். மலையில் இன்னொருவரிடமும் கேட்டு உறுதி செய்யவேண்டும். தலைவர் சரி என்ற பிறகே கொட்டகைக்குச் சொல்லவேண்டும். அலுவலகம் சொல்லாமல் மலைச்சாமி கம்பியைத் தொடக்கூடாது.

அடுத்து வந்த ஐப்பசியில் சுரேஷ்கண்ணன் செத்தான். என் மகன். கணவர் முன்பே போய்விட்டார். எனக்கு அவன் ஒருவன்தான். ஜீப் ஓட்டினான். பாறை வழுக்கும் என்பதால், கூட்டி வந்தவர்களின் கையைப் பிடித்தபடி தண்ணீருக்குள் நிற்பதும் ஓட்டுநர்களின் வேலை. அவன் நின்றான். சுருளியாண்டி அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டார். அலுவலகத்திலிருந்த ஆள் தலைவரைத் தேடி ஓடினார். தலைவர் ஒரு பாராட்டு விழாப் பந்தியில் இருந்தார். இலையில் பாயசம் விழுந்திருந்தது. "இருப்பா, எந்திரிச்சு வந்து சொல்றேன்," என்றாராம். எழுந்து, கை கழுவி, வந்து சொன்னார்.

என் மகனை மூல வைகை மணலில் கண்டெடுத்தார்கள்.

காரியம் முடிந்ததும் சீனிச்சாமி வீட்டுக்கு வந்தார். அழுதார். நிஜமாகவே அழுதார், அவருக்கு அழுகை எளிதில் வரும். "அக்கா, இனிமே அந்த போன்கிட்ட நீங்கதான் உக்காரணும். பிள்ளையப் பறிகுடுத்தவுகளுக்கு இருக்கிற கவனம் வேற யாருக்கும் வராது. உறுதி செஞ்சு நீங்களே சொல்லிருங்க, என்னையக் கேக்க வேணாம்," என்றார். சுற்றியிருந்த பெண்கள் அவருடைய பெரிய மனதைச் சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்தினார்கள். துக்கத்தில் இருக்கிறவளுக்கு ஒரு நாற்காலியைக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று இந்த ஊர் நம்புகிறது. பிள்ளையைக் கொன்ற தொலைபேசியையே தாயின் கையில் கொடுப்பது கருணை என்றும் நம்புகிறது. இதைவிட முட்டாள்தனமான காரியத்தை நான் கண்டதில்லை. சரி என்றேன்.

அந்த நாற்காலியில் இருந்த அத்தனை வருடமும் நான் விதியை மீறினேன். சுருளியாண்டி "தாயி" என்று தொடங்கும்போதே மறு கையால் இன்னொரு போனில் கொட்டகைக்கு எண்ணைச் சுழற்றிவிடுவேன். உறுதி செய்வது பிறகு. ஒரு ஆள்கூடச் சாகவில்லை. வெள்ளம் வராத நாட்களிலும் மணி அடித்தது. அதற்காகச் சங்கத்தில் முணுமுணுத்தார்கள். "அந்தக்காவ ஒண்ணும் சொல்லாதீக, பிள்ளையக் குடுத்தவுக," என்று சீனிச்சாமி அவர்களை அடக்குவார். அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு ஏதோ தானம் செய்துகொண்டிருப்பதாக அவர் நினைத்திருந்தார்.

அவருடைய ஒரே மகள் அனுஷ்கா. மதுரையில் சுற்றுலா மேலாண்மை படித்துவிட்டு, 2008இல் அலுவலகத்துக்கு வரத் தொடங்கினாள். என்னை அத்தை என்பாள். நல்ல பெண். மற்றவர்கள் மேல் எனக்கிருந்த இளக்காரம் அவள் மேல் இல்லை. வகுப்பறையில் சிரிக்கப் பழகியது போதும், உறுப்பினர்களை அருவிக்கே கூட்டிப் போய்ப் பயிற்சி கொடுக்கலாம் என்பது அவள் யோசனை. வந்தவர்களின் கையை எப்படிப் பிடிப்பது, பாறையில் எங்கே நிறுத்துவது என்று தண்ணீருக்குள் நின்றே காட்டுவதாகச் சொன்னாள். சீனிச்சாமிக்குப் பெருமை தாங்கவில்லை. ஐப்பசியில் நாள் குறித்தார்கள். வடைக்கும் சொல்லியாயிற்று.

அன்று நான் மடலின் மெய்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்தில் சீனிச்சாமியின் கட்டுரை: நமது அருவி எவ்வளவு பாதுகாப்பானது என்று. போன் அடித்தது. சுருளியாண்டி.

"தாயி, தண்ணி செம்மண்ணா வருது. மரமும் மட்டையுமா உருட்டிக்கிட்டு வருது. பாலம் முங்கிருச்சு. அடிக்கச் சொல்லுங்க."

"உறுதி செஞ்சுட்டுச் சொல்றேன்," என்றேன்.

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். "என்ன தாயி, இன்னைக்குப் புதுசா? நாந்தான் கண்ணால பாத்துக்கிட்டு நிக்கேன்ல."

"விதி அப்படி," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சேர்ந்த நாளிலிருந்து விதிப்படி நடந்தது அன்று ஒரு நாள்தான். தோட்டத்துக் காவலாளி தவசிக்குப் போன் போட்டேன். அவரும் அதையே சொன்னார், இன்னும் பதறிப்போய். ஆக உறுதியாகிவிட்டது. கீழே வெள்ளம் வந்து சேர நேரம் இருந்தது. எவ்வளவு நேரம் என்பது என்னைவிட நன்றாக இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் தெரியாது. மெய்ப்பை எடுத்து, விட்ட வரியிலிருந்து படித்தேன்.

சீனிச்சாமி தண்ணீரில் இறங்கவே மாட்டார். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அது தெரியாமல் செய்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவர் கரையில் இருக்கவேண்டும் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. பார்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

அப்போது மறுபடி போன் அடித்தது. கொட்டகையிலிருந்து, அனுஷ்கா.

"அத்தை, மேல கறுக்குற மாதிரி இருக்கு. மலைச்சாமி அண்ணன் கம்பியக் கையில எடுத்துக்கிட்டு அடிக்கவா அடிக்கவான்னு நிக்கிறாரு. சேதி எதும் வந்துச்சா?"

"ஒண்ணும் வரலையேம்மா," என்றேன்.

"அப்பாடா. நீங்க சொன்னாச் சரிதான். அண்ணே, கம்பிய வைங்க, அத்தையே வரலைன்னு சொல்லிட்டாக. போட்டோ எடுத்துட்டு வாரேன் அத்தை, மடலுக்கு."

"சரிம்மா," என்றேன்.

மூன்று பேர் போனார்கள். அனுஷ்கா, சுந்தரலிங்கம், தமிழ்மாறன் என்று புதிதாகச் சேர்ந்திருந்த மார்க்கையன்கோட்டை ஓட்டுநர் ஒருவன். சுந்தரலிங்கத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை; கை தட்டுவதற்கென்றே பிறந்தவர். தமிழ்மாறனை எனக்குத் தெரியாது. அனுஷ்காவின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தானாம். அவன் வேலை அது.

கொட்டகைக்கு அடித்தேன், மணி போயிற்று, யாரும் எடுக்கவில்லை என்று உங்களிடம் அப்போது சொன்னேன். நீங்களும் மலைச்சாமியைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். அனுஷ்கா என்னிடம் பேசியது அவருக்குத் தெரியும். பக்கத்தில்தான் நின்றார். ஆனால் உங்களிடம் அதைச் சொல்லியிருக்கமாட்டார். சேதி தாமதமாகத்தான் என்னிடம் வந்திருக்கும், பிள்ளையைப் பறிகொடுத்த ஆத்தா பொய் சொல்லாது என்று அவர் தன் மனைவியிடம் அழுததாகக் கேள்விப்பட்டேன். அவர்மேல் இரக்கப்பட்டு இதை எழுதவில்லை. பத்திரிகைகளில் ஊழியரின் கவனக்குறைவு என்று போட்டிருந்தார்கள். பிழையான செய்தியை நான் விட்டுவைத்துப் பழக்கமில்லை. அங்கே கவனக்குறைவே கிடையாது. இவ்வளவு கவனமாக நடந்த ஒரு காரியம் அந்தச் சங்கத்தின் சரித்திரத்திலேயே இல்லை. அதைத் தண்டவாளத்தைத் தட்டுகிற மனிதர் பேரில் எழுதுவது சரியாகாது.

சீனிச்சாமி நான் நினைத்த மாதிரி ஆகவில்லை. மகளின் காரியம் முடியும்வரை தலை கவிழ்ந்தே கிடந்தார். அவர் தலை நிமிரும் நாளுக்காகக் காத்திருந்தேன். அவர் கண்ணில் என் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் தெரியும், அந்தப் பாயசம் தெரியும் என்று நினைத்தேன். நிமிர்ந்தார். இரங்கல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார். பயிற்சிக் கூடத்துக்கு மகளின் பெயரை வைத்தார். பந்தி நடந்தது. இப்படிப்பட்ட மனிதருக்குத் துக்கம் கொடுக்கவும் முடியாது போலிருக்கிறது. அந்த நாற்காலியில் அவரே வந்து உட்காருவார் என்றுகூட எண்ணியிருந்தேன். கண் மங்குகிறது என்று சொல்லி நான் விலகியபோது எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

பிறகு தமிழ்மாறனின் வீட்டுக்குப் போனார். அங்கேயும் அழுதார். அவனுடைய அம்மா சங்கிலியம்மாள் கையைக் கூப்பிச் சரி என்றிருக்கிறாள். அவளுக்கும் அவன் ஒருவன்தான்.

வேலை பழக்கிக் கொடுத்தது நான். மலையில் யார் பேசுவார்கள், யாரிடம் உறுதி செய்வது, கொட்டகையின் எண் எது, எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். ஆனால் நினைவில் நிறுத்திக்கொள்கிறாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் பெத்துப் பறிகுடுத்தவுகதானக்கா. ஒங்களுக்குத்தான் என் வயிறு தெரியும். ஒங்களப் போலயே இருந்துக்கிருவேன்," என்றாள்.

அவள் நிலைமை வேறு, என் நிலைமை வேறு. என் பிள்ளையைக் கொன்றவர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.