இரண்டு மில்லிமீட்டர்

மலிவாகப் பொருள் வாங்குவதில் தப்பில்லை என்பது இன்றைக்கும் என் கருத்து, சார். திருவொற்றியூரில் ஒரு தகர ஷெட்டுக்குள் கிச்சன் கபோர்டு செய்கிறவன் ஜெர்மன் மெஷினா வாங்குவான்? ஆன்லைனில் பார்த்து, மரம் அறுக்கும் டேபிள் மெஷின் ஒன்றை வரவழைத்தேன். கம்பெனி ஸ்டிக்கரைக்கூட அவர்கள் நேராக ஒட்டியிருக்கவில்லை. அப்போதே யோசித்திருக்கலாம்.

அதில் ஒரே ஒரு கோளாறு. பலகையை ஒட்டித் தள்ளுவதற்கு ஓர் இரும்புச் சட்டம் இருக்கும், கைடு என்போம். பூட்டினால் முன்பக்கம் மட்டும்தான் நிற்கும். பலகையைத் தள்ளத் தள்ள அதன் பின்முனை பிளேடு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். வெட்டு கோணலாகும். சில சமயம் பலகை நடுவில் சிக்கி, தள்ளுகிறவன் மேலேயே திரும்பிப் பாயும். முதல் வாரமே எனக்கு அப்படி ஆனது. இடுப்பை உரசிக்கொண்டு போய்ப் பின்னால் இருந்த தகரத்தில் மோதியது. தகரத்தில் முஷ்டி அளவுக்குப் பள்ளம். அதன்மேல் காலண்டரை மாட்டினேன். அதற்குப் பிறகு நான் மெஷினைத் தொடவில்லை. வெட்டுகிற வேலை எல்லாம் பீம்ராவுக்கு என்று ஆனது.

அவனிடம் சொல்லவில்லை. எண்ணூரிலிருந்து மீஞ்சூர்வரை தெரிந்த பட்டறைக்காரர்களிடம் எல்லாம் அந்த மெஷினை ஆஹா ஓஹோ என்று புகழ்ந்திருந்தேன். மட்டமான சரக்கு என்று என் வாயாலேயே எப்படிச் சொல்வது?

பீம்ராவ் வியாசர்பாடிக்காரன். ஆறு வருஷமாக என்னிடம் வேலை. தொழிலில் சுத்தமான கை. கதவுகள் கோணலாகப் போக ஆரம்பித்ததும், வாடிக்கையாளர் ஒருவரிடம், "ஆளு கை சரியில்லை" என்று ஒரு வார்த்தை விட்டேன். அது நான்கு மாதம் ஓடியது. மற்ற பட்டறைகளில் அவனை ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவன் மனைவி மலர்க்கொடி, "குடிக்கிறியா இன்னா?" என்று கேட்டாளாம். அவன் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னான். அவன் குடிப்பதில்லை, சார்.

பிறகு, கிச்சன் கபோர்டு செய்யக் கொடுத்திருந்த மாத்தூர் சௌமியா மேடம் ஆறு கதவுகளைத் திருப்பி அனுப்பினார். பீம்ராவ் மதியம் சாப்பிடாமல், கோணம் பார்க்கிற மூலைமட்டத்தை வைத்து வைத்துப் பார்த்தான். கண்டுபிடித்துவிட்டான்.

"அண்ணே, என் கை ஒயுங்காத்தான் கீது. இந்தக் கைடுதான் பின்னாடி நகுந்துகினே போவுது. ஒரு கிளாம்பு போட்டு இறுக்கினா நிக்கும். நாளைக்கு மேடம் வராங்கல்ல, அவங்க முன்னாடியே வெட்டிக் காட்டறேன்."

"சரி, காட்டு," என்றேன்.

அவன் கோபப்படவில்லை, என்மேல் பழி போடவும் இல்லை. ஒரு பலகையை நேராக வெட்டிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. ஆனால் அந்தப் பலகை நேராக வந்துவிட்டால், நான்கு மாதமாக நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும்.

மறுநாள் துவைத்து இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். பட்டறைக்கு யாரும் அப்படி வருவதில்லை. கைடின் பின்முனையில் கிளாம்பு போட்டு இறுக்கினான், மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்தான், முகம் கழுவக் குழாயடிக்குப் போனான். நான் கிளாம்பின் திருகை ஒன்றரைச் சுற்று தளர்த்தினேன். கழற்றி எடுத்திருந்தால் திரும்பி வந்ததும் பார்த்திருப்பான். அதனால் எடுக்கவில்லை.

பாதிப் பலகைவரை எந்தக் குறையும் இல்லை. பிறகு கைடு நகர்ந்தது, பலகை திரும்பிப் பாய்ந்தது, தள்ளிக்கொண்டிருந்த கையைப் பிளேடு இழுத்துக்கொண்டது. பிளேடுக்கு மேல் போடுகிற மூடியை மெஷின் வந்த அன்றே கழற்றிவிட்டோம், இந்தப் பக்கம் யாரும் அதைப் போடுவதில்லை. வலது கையில் மூன்று விரல்கள் போயின. எல்லோரும் அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் உள்ளே வந்து கிளாம்பைப் பழையபடி இறுக்கினேன். நீங்கள் வந்து பார்த்தபோது அது இறுக்கமாகத்தான் இருந்தது. விபத்து என்று எழுதினீர்கள். உங்கள்மேல் தப்பில்லை.

போன வாரம் அவன் பட்டறைக்கு வந்தான். டீ கிளாஸை இடது கையால் பிடித்துக்கொண்டு, பெருக்குகிற வேலையாவது இருக்குமா என்று கேட்டான்.

"உன் பேரைக் கெட்த்துட்டேன்ணே. கிளாம்பு நல்லாத்தான் கீதுன்னு போலீஸே சொல்ச்சு. என் கைதான் சரியில்ல."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தன் கையைப் பற்றி அவனே அப்படிச் சொல்வதைக் கேட்க என்னால் முடியவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று, சார். நான் ஆசைப்பட்டது இரண்டு மில்லிமீட்டருக்குத்தான். மேடம் கண்ணெதிரே ஒரு கோணல் வெட்டு விழ வேண்டும், அதற்குமேல் எதுவும் நான் நினைக்கவில்லை. அவன் கைக்கு ஏதாவது ஆகும் என்று கனவிலும் தோன்றவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எப்படியும் மேடம் சொல்லிவிடுவார். அவர் பீம்ராவுக்கு நேர் பின்னால், காலண்டரை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். அவன் சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் நான் அவரிடம் சொன்னேன்: "மேடம், அங்க நிக்காதீங்க. இந்தப் பக்கம் வந்துடுங்க."