மூன்று வரிக் கட்டுரை

— டி.சி. ஆபீஸ் ரூம்ல தருவாங்க, சிட்டு அப்பா. நீங்க ஏன் பிள்ளைங்க பெஞ்சுல வந்து உட்கார்ந்திருக்கீங்க? முழங்கால் இடிக்குது பாருங்க.

— டி.சி. வாங்கிட்டேன் டீச்சர். அவளோட கட்டுரை நோட்டு உங்ககிட்ட இருக்குன்னாங்க. அதையும் வாங்கிட்டா கையோட கிளம்பிடுவோம்.

— ஊரை விட்டேவா?

— தையல் கம்பெனியே எரிஞ்சு போச்சு. மெஷின் மெக்கானிக்குக்கு இனி இங்க என்ன வேலை? அந்தத் தெருப் பக்கம் தலை வச்சுப் படுக்க முடியலை.

— சிட்டு எப்படி இருக்கா?

— சாப்பிடுறா, தூங்குறா. என்கிட்ட ஒரு வார்த்தை பேசி ரெண்டு மாசமாச்சு. அவ அம்மா இருந்தப்ப ஓட்டை வாய்னு திட்டு வாங்குவா. இப்ப ஒரு 'ம்' கூடக் கிடையாது.

— அம்மா போன துக்கம். கொஞ்ச நாள் ஆகும்.

— ஆகட்டும். நோட்டைக் கொடுங்க. வேற என்னென்ன எழுதியிருக்கான்னு பார்க்கணும்.

— நல்ல நோட்டு போலீஸ்கிட்ட இருக்கு. இது ரஃப் நோட்டு. தர்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். காலையில வாட்ச்மேன் சம்சாரம் வந்திருந்தாங்க.

— எந்த வாட்ச்மேன்?

— உங்க கம்பெனி வாட்ச்மேன்தான். ஜெயில்ல முந்தாநாள் தூக்கு மாட்டிக்கிட்டாரே. உங்களுக்குத் தெரியாதா?

— ...தெரியும். சொன்னாங்க.

— அந்தம்மா அழக்கூட இல்லை. இதோ, இந்தக் கரும்பலகைகிட்ட நின்னு, "எங்க வீட்டுக்காரரைக் கொன்ன கட்டுரையை நான் பார்க்கணும்"னாங்க. எனக்கு எடுத்துக் காட்டக் கை வரலை.

— பிள்ளை கண்டதை எழுதிச்சு. அதுக்கு யார் என்ன பண்ண முடியும்? விடுங்க.

— பிள்ளை எழுதலை! அதைத்தான் சொல்ல வர்றேன். அவ முதல்ல எழுதினது இந்தப் பக்கம். படிங்க.

— கண்ணாடி எடுத்துட்டு வரலை. நீங்களே படிங்க.

— "அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு போனேன். கம்பெனியில் தீப் பிடித்தது. அம்மா வெளியே வரவில்லை." அவ்வளவுதான். மூணு வரி.

— வேற ஒண்ணும் எழுதலையா?

— போட்டிக்கு அனுப்பணும், 'மறக்க முடியாத நாள்'னு தலைப்பு. மத்த பிள்ளைங்க ரெண்டு பக்கம், மூணு பக்கம் எழுதியிருந்தாங்க. நான் என்ன பண்ணேன் தெரியுமா? இதுக்கு அடியில சிவப்பு மையில "சுவை இல்லை"ன்னு எழுதினேன். தாய் செத்துப் பதினஞ்சு நாள்கூட ஆகாத பிள்ளைக்கு.

— வாத்தியார் வேலைன்னா அப்படித்தானே...

— இல்லை, கேளுங்க. வருஷா வருஷம் நான் நடத்துற பாடம் இது. படிக்கிறவனைக் கையைப் பிடிச்சு அந்த இடத்துக்கே இழுத்துட்டுப் போகணும், அவன் மூக்குல புகை ஏறணும்னு சொல்லிக் கொடுப்பேன். அவளைப் பக்கத்துல உட்கார வச்சு ஒவ்வொண்ணாக் கேட்டேன். புகை கறுப்பா இருந்துச்சா? உள்ளேயிருந்து சத்தம் கேட்டுச்சா? வேலிக்கு வெளியதானே நின்ன, பின்கதவு தெரிஞ்சுதா? பூட்டு தொங்குச்சா?

— அவ என்ன சொன்னா?

— வாயே திறக்கலை. சும்மா தலையை ஆட்டினா. டீச்சர் கேட்டா எந்தப் பிள்ளை இல்லைன்னு சொல்லும்? அப்புறம் நானே எழுதிக் கொடுத்தேன். "பதினோரு பேர் உள்ளே கதறியும், பின்கதவில் தொங்கிய பூட்டு வாய் திறக்கவில்லை." என் வரி, சிட்டு அப்பா. எழுதி முடிச்சு ரெண்டு தடவை வாசிச்சுப் பார்த்துப் பூரிச்சுப் போனேன்.

— பேப்பர்ல வந்துச்சே, அந்த வரி.

— முதல் பரிசு கொடுத்தாங்களே! போலீஸ் வந்து கேட்டப்ப அதையே மனப்பாடமா ஒப்பிச்சா. கூரை சரிஞ்சு விழுந்ததுல கதவு இருந்த இடமே தெரியலை, பூட்டுக்கு வேற சாட்சியும் இல்லை. சாவி வாட்ச்மேன் பொறுப்பு, அதனால அவரைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. "ஆணியில மாட்டிட்டுச் சாப்பிடப் போனேன், யார் எடுத்தாங்கன்னு தெரியாது"ன்னு கடைசி வரைக்கும் சொன்னாராம். யார் நம்பினா?

— போன உயிர் போயிடுச்சு. இனி அதைக் கிளறி என்ன ஆகப் போகுது?

— கிளறத்தான் போறேன். நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போய், பூட்டுங்கிறது நான் ஜோடிச்சதுன்னு எழுதிக் கொடுக்கப் போறேன்.

— வேலை போயிடும் டீச்சர்.

— போகட்டும். என் ஒரு வரிக்கு ஒரு மனுஷன் செத்திருக்கார்.

— முதலாளி தப்பிச்சுக்குவான். கதவு திறந்துதான் கிடந்துச்சு, பொம்பளைங்கதான் ஓடத் தெரியாம செத்தாங்கம்பான். என் பொண்டாட்டி ஓடத் தெரியாதவளா?

— அவன் தப்பிக்கக் கூடாதுதான். அதுக்காகப் பொய்யை அப்படியே விட முடியுமா? சிட்டுவும் வரணும். "நான் பூட்டைப் பார்க்கலை, டீச்சர் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன்"னு அவ வாயால சொன்னாத்தான் எடுபடும். அதுக்குத்தான் உங்க சம்மதம் கேட்கிறேன்.

— அவ சொன்னது பொய்னு அவளையே சொல்லச் சொல்றீங்க.

— பழி என்னோடதுதான். அவ சின்னப் பிள்ளை, யாரும் அவளை...

— தலையாட்டினாள்ல? நீங்க கேட்ட எல்லாத்துக்குமா, பூட்டுக்கு மட்டுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

— புகைக்கு ஆட்டினா. சத்தம் கேட்டுச்சான்னதுக்கு... இல்லை, அதுக்குக் காதைப் பொத்திக்கிட்டா. பூட்டுக்குத்தான் சட்டுனு... ஏன் கேட்கிறீங்க?

— பூட்டு இருந்துச்சு டீச்சர்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— பொம்பளைங்க அடிக்கடி காத்து வாங்கப் போறாங்க, பின்கதவைப் பூட்டுன்னு மேனேஜர் கத்தினான். வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தார், சாவி ஆணியில இருந்துச்சு. சிட்டு அப்பத்தான் அம்மா கையில சாப்பாட்டைக் கொடுத்துட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்னா. பூட்டுறதைப் பார்த்துக்கிட்டேதான் நின்னா. சிரிச்சுக்கிட்டே கையைக்கூட ஆட்டினா.

— யாரைப் பார்த்து?

— அவகிட்ட எத்தனையோ கேட்டீங்க டீச்சர், பூட்டினது யாருன்னும் கேட்டிருந்தா, அப்பான்னு எழுதியிருப்பா.