கையில இருந்தாத்தானே

மழைக்காலத்தில் தீப்பெட்டி நமத்துப்போகும். வெல்டிங் ராடும் அப்படித்தான். அதனால் எங்கள் பயிற்சிக்கூடத்தில் ராடுகளைச் சூட்டுப்பெட்டியில் வைத்திருப்போம். பயிலுபவர் கேட்டால், மாஸ்டரான நான்தான் எடுத்துக் கொடுப்பேன்.

போன வருடம் என் கொழுந்தியாள் வந்து சேர்ந்தாள். புருஷன் கைவிட்டுப் போனவள். தேர்வில் தேறினால் கப்பல் பட்டறையில் வேலை நிச்சயம். முதல் வாரமே, இரண்டு தகடுகளை இணைத்து அவள் போட்ட பற்றைப் பார்த்தேன். மீன் செதில் போல ஒரே சீராக இருந்தது.

அந்தத் தேர்வில் நான்கு முறை தோற்றவன் நான். இந்தத் தொழில் பிறவியிலேயே கையில் இருக்க வேண்டும் என்று அன்றே புரிந்துகொண்டேன். பயிற்சி, முயற்சி என்று பிதற்றுபவர்கள், மாடிப்படி ஏறினால் ஆள் வளர்ந்துவிடுவான் என்று நம்புகிற கூட்டம்.

மறுநாள் முதல் அவளுக்கென்று சில ராடுகளை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, மேலாகத் துடைத்துக் காயவைத்தேன். பார்த்தால் தெரியாது. பற்றுக்குள் மட்டும் புழு அரித்ததுபோல ஓட்டை விழும்.

"அத்தான், நேத்து நல்லா வந்துச்சே?"

"நேத்து வந்தது குருட்டாம்போக்கு. கையில இருந்தாத்தானே வரும்?"

"இன்னும் ரெண்டு மணி நேரம் நின்னு பழகுறேன்."

"பழகேன். கரண்டு பில்லு நானா கட்டுறேன்?"

பழகினாள். இரண்டு மணி நேரம் அரை மணியாயிற்று. மூன்றாம் மாதம், ராடைத் தொடும் முன்பே, "எனக்கு வராது அத்தான்" என்றாள். அதன்பிறகு ஊறவைக்கும் வேலைகூட மிச்சம். உலர்ந்த ராடிலும் கோணல்மாணலாகத்தான் இழுத்தாள். தேர்வுக்கு வரவேயில்லை. இப்போது நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள்.

வாளியில் ராடு ஊறியதை அப்போதே பார்த்திருந்த எங்கள் ஸ்டோர்காரர் இப்போது புகார் கொடுத்தார். நீங்களும் விசாரணைக்கு வந்தீர்கள். நேற்று அவளை வரவழைத்து நடந்ததையெல்லாம் சொன்னீர்கள். புது ராடு பாக்கெட்டைப் பிரித்து, "இப்பப் போட்டுப் பாரும்மா" என்று கையில் கொடுத்தீர்கள். அவள் வெல்டிங் முகமூடியைக்கூடக் கையில் எடுக்கவில்லை.

"வேணாம் சார். எனக்கு வராது."

ஊறவைத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: நல்ல ராடு கைக்கு வந்தும் அவள் தொடவில்லை. திறமை இருக்கிறவள் என்றால் தொட்டிருக்க மாட்டாளா? அவளைப் பற்றி நான் போட்ட கணக்கு ஒன்றும் தப்பவில்லையே.