சுவர் தட்டப்பட்டது

"நீ எல்லாத்தையும் எழுதித்தான் குடுப்பியா, இல்ல எப்பவாவது வாயத் திறப்பியா?" என்று டெய்லர் அக்கா ஒருமுறை என்னைக் கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. பொத்தான் வைக்க ஒரு சட்டையை என் பக்கம் நீட்டியபடி, ஊசியைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு கேட்டார். நான் சட்டையை வாங்கிக்கொண்டேன். அவரே சிரித்துவிட்டு, "சரி விடு. இந்த மாடியில பேசறதுக்கா ஆள் பஞ்சம்?" என்றார்.

உங்கள் விசாரணை அறையில் நான் வாயைத் திறக்காததைத் திமிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஐயா. புது ஆட்கள் முன்னால் எனக்குச் சொல் தொண்டையைத் தாண்டாது. ஒன்பதாம் வகுப்பில் செய்யுளை எழுந்து நின்று ஒப்பிக்கச் சொன்னார்கள். பன்னிரண்டு வரியும் தெரியும். ஒன்றும் வரவில்லை. ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தார்கள். பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. இப்போது எனக்குப் பதினெட்டு வயது. அம்மா சலவைக்கூடத்து வேலை முடிந்து மாலை ஆறரைக்குத்தான் வருவார். அதுவரை வீட்டில் நானும் என் நோட்டுகளும்தான். நோட்டுகளைப் பழைய தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நீங்கள் கொடுத்த இரண்டு தாள் போதாது என்பதால் அதே மாதிரி ஒரு நோட்டில்தான் இதை எழுதித் தருகிறேன்.

எங்கள் வீடு மூன்றாம் மாடியில் எட்டாம் எண். அக்கா வீடு ஏழு. நடுவில் ஒரே ஒரு மெல்லிய சுவர். அக்கா மிஷினில் என்ன தைக்கிறார் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். திரைச்சீலை என்றால் மூச்சு விடாமல் ஓடும். காலர் என்றால் விட்டு விட்டு ஓடும். அவர் கணவர் பால் வண்டி ஓட்டுகிறார். விடியுமுன் போய்ப் பகல் மூன்று மணிக்குத் திரும்புவார். அவர் திரும்பியதும் மிஷின் நிற்கும். சில நாள் வேறு சத்தம் கேட்கும்.

அந்த நாட்களுக்காக அக்கா ஒரு ஏற்பாடு செய்தார். "உன்னப் பேசச் சொல்லல. நான் சுவர்ல மூணு தட்டு தட்டுவேன். நீ ஒரு சீட்ட எடுத்துட்டுப் போய்க் கீழ வாட்ச்மேன் அண்ணன் கையில குடு. ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டார், சொல்லி வெச்சிருக்கேன்." சீட்டை நானே எழுதினேன். 'மூன்றாம் மாடி, ஏழாம் எண். உடனே வாருங்கள்.' அக்கா அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "இவ்வளவு அழகா எழுதினா அந்த மனுஷன் மேல வர மாட்டார்டி. ஃப்ரேம் போட்டு மாட்டிடுவார்" என்றார்.

இரண்டு முறை அது நன்றாகவே நடந்தது. நான் சீட்டைக் கொடுத்தேன். வாட்ச்மேன் மேலே வந்து, "தண்ணி ஒழுங்கா வருதான்னு பாக்கணும்" என்று சொல்லி வாசலிலேயே நின்றார். அக்காவின் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சீட்டு என்னிடம் திரும்பி வந்தது.

அதன் பிறகுதான் நல்லண்டைச் சட்டம் வந்தது. குடியிருப்பிலும் பொது இடத்திலும் அடுத்தவருக்குத் தொல்லை தருகிறவர்களுக்கான சட்டம் என்று லிஃப்ட்டுக்குள் ஒட்டியிருந்தார்கள். நல்ல சட்டம்தான். அந்த லிஃப்ட்டுக்குள்தான் முன்பு எல்லோரும் துப்புவார்கள். மூன்று வாரம் தொடர்ந்து ஒரு வீட்டின் மேல் தொல்லை பதிவானால் எச்சரிக்கை. அதற்குப் பிறகும் பதிவானால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ள நல்லண்டை அலுவலர் என்று ஓர் அம்மா வந்தார். கறுப்புக் கோட்டு போட்டிருப்பார். இரண்டாம் நாளே அவருக்கு அண்டங்காக்கா என்று பெயர் விழுந்துவிட்டது.

மாடிக்கு ஒருவர் தொல்லைக் குறிப்பேடு எழுத வேண்டும். எழுதுவது யார் என்று மற்ற வீடுகளுக்குச் சொல்ல மாட்டார்கள். எங்கள் மாடியில் யாரும் முன்வரவில்லை. அலுவலர் வீடு வீடாகத் தட்டிக்கொண்டு வந்தபோது என் மேஜையில் நோட்டு திறந்து கிடந்தது. மறைக்க நேரமில்லை. கேட்காமலே எடுத்துப் படித்தார். "இது நீ எழுதினதாம்மா? அச்சடிச்ச மாதிரி இருக்கே" என்றார். நான்கு வருடத்தில் என் நோட்டைப் படித்த முதல் ஆள் அவர்.

எழுதும் முறையையும் அவரே சொல்லிக்கொடுத்தார். முதல் வாரம் நான், 'ஆறாம் எண் பெரியவர் கோபத்தில் கதவை அறைந்தார்' என்று எழுதியிருந்தேன்.

"கோபம்னு உனக்கு எப்படித் தெரியும்? உள்ள போய்ப் பாத்தியா? ஊகம் எழுதக் கூடாது. யாரு செஞ்சாங்கன்னும் வேண்டாம், நாளைக்கு வம்பு வரும். நேரம், வீட்டு நம்பர், என்ன சத்தம், எவ்வளவு நேரம். 'கதவு அறையப்பட்டது.' அவ்வளவுதான்."

செயப்பாட்டு வினை. எட்டாம் வகுப்பில் படித்தது. அதில் ஒரு நிம்மதி இருக்கிறது, ஐயா. எல்லாம் நடக்கும். யாரும் எதுவும் செய்திருக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் அலுவலர் வந்தார். மற்ற மாடிக் குறிப்பேடுகளை நின்றபடியே புரட்டுவார் என்று கேள்வி. என்னுடையதை நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து படிப்பார். 'ஆறாம் எண். தும்மல் விடப்பட்டது, தொடர்ந்து பதினொன்று' என்ற வரிக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பெரியவருக்குக் கடிதம் போனது. அதன் பிறகு அவர் தலையணையில் முகத்தைப் புதைத்துத் தும்மினார். ஐந்தாம் எண்ணில் நாற்காலிக் கால்களுக்குத் துணி கட்டினார்கள். இரண்டாம் மாதம் மாடியே அடங்கிவிட்டது. சட்டத்தின் நோக்கம் அதுதானே.

ஆனால் என் பக்கம் காலியாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை அலுவலர் குறிப்பேட்டைத் திறந்து மூடினார். "இந்த வாரம் ஒண்ணும் இல்லையாம்மா?" என்றார். உட்காராமலே போய்விட்டார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று இருபதுக்குச் சுவரில் மூன்று தட்டு கேட்டது. சீட்டை எடுத்தேன். செருப்பைக்கூடப் போட்டுவிட்டேன். நேரத்தை மட்டும் குறித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். '3.20. ஏழாம் எண். சுவர் தட்டப்பட்டது, மூன்று முறை.' எழுதி முடிப்பதற்குள் வேறு சத்தம் வந்தது. அதையும் எழுதினேன். 'பாத்திரம் உருட்டப்பட்டது.' நடுவில் எழுந்து போனால் எவ்வளவு நேரம் என்ற கட்டம் காலியாக நிற்கும். 3.41க்கு அடங்கியது. இருபத்தொரு நிமிடம். சீட்டு உள்ளங்கையில் கசங்கியிருந்தது. நீவி நேராக்கி, பக்க அடையாளமாகக் குறிப்பேட்டில் வைத்தேன்.

மாலையில் அக்கா வந்தார். கீழுதடு வீங்கியிருந்தது. "வாட்ச்மேன் இல்லையாடி?" என்று கேட்டார். நான் தலையை அசைத்தேன். எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற மாதிரிதான் அசைத்தேன். "அந்த ஆளுக்கு எப்பப் பாத்தாலும் டீ. உன் மேல என்ன தப்பு? முகத்த அப்படி வெச்சுக்காத" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை அலுவலர் உட்கார்ந்து படித்தார். இருபத்தொரு நிமிடத்தின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டார்.

இப்படி மூன்று வாரம் பதிவானது. மூன்றாம் வாரம் முப்பத்தாறு நிமிடம். ஏழாம் எண் வீடு அக்காவின் பெயரில் இருக்கிறது. அதனால் எச்சரிக்கையும் அக்காவின் பெயருக்கே வந்தது. 'சுவர் தட்டித் தொல்லை தருதல்.' கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தார்.

"கீழ் வீட்டுக்காரங்க காதுல விழுந்திருக்கு போல. நான் யாருக்குத் தட்டறேன்னு அவங்களுக்கு எங்க தெரியும்? நீதான் நல்லா எழுதுவியே, ஒரு பதில் எழுதிக் குடு. வீட்டுக்காரர் அடிக்கிறார், அதுக்குத்தான் தட்டினேன்னு எழுது. மறைக்க என்ன இருக்கு."

நான் எழுதினேன். 'தவிர்க்க முடியாத குடும்பச் சூழலில் சுவர் தட்டப்பட்டது. இனி தவிர்க்கப்படும்.' படித்துக் காட்டினேன். அக்காவிடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் குரல் வரும்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அவர் எங்கடி இதுல?"

"ஊகம்னு சொல்லிடுவாங்க, அக்கா" என்றேன்.

"நான் வாங்கின அடி எனக்கு ஊகமா?" என்று சிரித்தார். பிறகு, "உனக்குத் தெரியாததா" என்று கையெழுத்துப் போட்டார். அடி என்ற சொல் ஒருமுறை அந்தத் தாளில் ஏறியிருந்தால் என் மூன்று வாரக் குறிப்பையும் வேறு மாதிரி படிக்க வேண்டியிருக்கும். சிவப்புக் கோடெல்லாம் வீணாகப் போயிருக்கும்.

அடுத்த புதன்கிழமை சத்தம் கேட்டது. தட்டு கேட்கவில்லை. தட்டினால் வீடு போய்விடும் என்று அக்காவுக்குத் தெரியும். சுவரில் காதை வைத்துக் காத்திருந்தேன். 'ஏழாம் எண். 3.15 முதல் 4.02 வரை. நாற்காலி தள்ளப்பட்டது. சுவர் தட்டப்படவில்லை. முன்னேற்றம்' என்று எழுதினேன். அலுவலர் முன்னேற்றம் என்ற சொல்லை அடித்துவிட்டு, அதுவும் ஊகம்தான் என்றார். நாற்பத்தேழு நிமிடத்துக்குக் கோடு போட்டார். அந்தப் புதன்கிழமை அக்காவுக்கு வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. கத்தரிக்கோல் பிடிக்கும் கை. அது எனக்கு மறுநாள்தான் தெரியும்.

எச்சரிக்கைக்குப் பிறகும் பதிவு. அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். நானும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா கையில் மாவுக்கட்டோடு நின்று, "அவர் அடிக்கிறார், மேடம்" என்றார்.

"அப்படின்னா குறிப்பேட்டுல இருக்கணுமே. நாலு வாரத்துல ஒரு இடத்துலகூட இல்லையே" என்றார் அலுவலர். குறிப்பேட்டையும் அக்காவின் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இத விடுங்க. புகாரும் அதே கையெழுத்து, உங்க பதிலும் அதே கையெழுத்து. பக்கத்து வீட்டுப் பொண்ண மிரட்டி எழுதி வாங்கினீங்களா?"

அக்கா குனிந்து இரண்டையும் பார்த்தார். இடது கையால் பக்கத்தைத் திருப்பினார். உள்ளே இருந்த சீட்டு மேஜையில் விழுந்தது. அலுவலர் அதை ஏதோ குப்பை என்று நினைத்தார். அக்கா எடுத்துக்கொண்டார்.

"மிரட்டினாங்களாம்மா?" என்று அலுவலர் என்னைக் கேட்டார். எனக்குச் சொல் வரவில்லை. 'மறுக்கப்படவில்லை' என்று எழுதிக்கொண்டார்கள். பதினான்கு நாளில் வீடு காலி செய்யப்பட வேண்டும் என்று உத்தரவானது.

மாவுக்கட்டு போட்ட டாக்டர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதியதால்தான் நீங்கள் வந்தீர்கள் என்று அறிந்தேன். உங்கள் கேள்வி ஒன்றுதான். அந்த நான்கு வாரத்தில் நான் ஏன் ஒருமுறைகூடக் கீழே போகவில்லை? 'அது பயந்த பொண்ணுங்க' என்று அம்மா உங்களிடம் சொல்லியிருப்பார். பயம் இல்லை, ஐயா. சீட்டைக் கொடுக்க ஒரு சொல்கூடத் தேவையில்லை. என் வாய்க்கு வேலை வைக்காமல்தான் அக்கா அந்த ஏற்பாட்டைச் செய்திருந்தார். நான் போயிருந்தால் ஒவ்வொரு நாளும் இரண்டு வரியில் முடிந்திருக்கும். முழுப்பக்கம் வர வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். நான்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் நான் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நேரங்களைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அக்கா போனது ஒரு சனிக்கிழமை. ஊருக்கு வெளியே கணவரின் அண்ணன் வீட்டுக்குப் போகிறார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். தனி வீடாம். பக்கத்துச் சுவர் கிடையாது. பால் வண்டியில் தையல் மிஷினைக் கவிழ்த்துப் போட்டுக் கட்டியிருந்தார்கள். வண்டி கிளம்பும் முன் அக்கா மேலே வந்தார். எங்கள் கதவு திறந்திருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் அப்படியே எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவை எடுத்து வைத்திருந்தேன். அக்கா இடது கையால் சீட்டை என் மேஜை மேல் வைத்தார். கசங்கல் போக நன்றாக நீவியிருந்தார். பிறகு திரும்பினார்.

அன்றைய குறிப்பு உங்களுக்குத் தேவைப்படலாம் என்பதால் அப்படியே தருகிறேன். '11.10. ஏழாம் எண். கதவு பூட்டப்பட்டது. எதுவும் சொல்லப்படவில்லை.'