கேசட்டின் மிச்ச இடம்

எனக்குப் பாட்டு கேட்கத் தெரியும், ஆடத் தெரியாது. இதை யாரும் இதுவரை குற்றமாக எழுதிக்கொண்டதில்லை.

சென்னையில் பி.ஏ. படித்தபோது, அமெரிக்கக் கறுப்பர் ஒருவர் பாடிய பழைய பாட்டை ஹாஸ்டலில் கேட்டேன். போகாதே என்று மனைவியிடம் கெஞ்சுகிறார். வார்த்தை புரியாதவனுக்கும் அந்தக் கம்மிய குரலின் கெஞ்சல் புரியும். கல்யாணமானதும் மீனம்பாளுக்குப் போட்டுக் காட்டினேன்.

"பாவம், ஜலதோஷமா அவருக்கு?" என்றாள். நானும் சிரித்தேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சைபுதீன் ரெக்கார்டிங் கடை வைத்திருக்கிறான். பட்டியல் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருவான். கடைசியில் டேப் மிச்சமிருந்தால் தன் இஷ்டத்துக்கு ஏதாவது போட்டு நிரப்புவான். துபாயிலிருந்து அவன் மச்சான் ஒரு கீபோர்டு அனுப்பினார். நான் இரவல் கொடுத்த அந்தப் பாட்டை அதில் வாசித்துப் பதிந்தான். கெஞ்சல் போய்விட்டது. மெஷின் தாளம், குமிழி வெடிப்பதுபோல் சத்தம். மீனம்பாளின் சினிமாப் பாட்டுக் கேசட்டில், மிச்ச இடத்தில் அது இருந்தது.

"இன்னாங்க மொறைக்கிறீங்க? காலு தானா ஆடுது. உங்க ஆளு அழுவுறாரு, சைபு அண்ணன் ஆட வெக்கிறாரு."

அண்ணன் என்றுதான் சொன்னாள். எத்தனை முறை கேட்டாள் என்று நான் எண்ணவில்லை. ஒரு வாரத்தில் பதினொன்று.

மாசியில் ராஜகிரிக் கோட்டைக்குப் போனோம். வாக்மேனைக் காதில் மாட்டியபடியே ஏறினாள். பள்ளத்தின் விளிம்பில் நின்று கண்ணை மூடித் தோளை ஆட்டினாள். கழற்று என்றேன். கேட்கவில்லை. தோளில் கை வைத்தேன். தள்ளினேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், அதில் நமக்குள் தகராறு இல்லை.

ஊரில் கால் தவறியது என்றார்கள். அது அவளுக்கு அவமானம். ஒரு தாளம்கூடத் தப்பாமல் ஆடினாள். அதனால்தான் இருபது நாள் கழித்து நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

இன்ஸ்பெக்டர் கோதண்டராமன் 'மனைவி மேல் சந்தேகத்தால்' என்று எழுதியிருந்தார். அந்த வார்த்தையை அடித்துவிடச் சொன்னேன். ஒரு நல்ல பாட்டைக் கெடுத்ததற்காகச் செய்தது என்றேன்.

அவர் பேனாவை வைத்தார். "யோவ், அந்தப் பாட்டு என் வூட்டு முருகன் கேசட்டு கடைசியிலயும் இருக்குதுய்யா. ஊருக்கே போட்டுக் குடுத்திருக்கான்."

தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பிறகு ஒன்றே ஒன்று கேட்டேன்.

"உங்க கேசட்ல அது முழுசா இருக்குதா சார், பாதியில நின்னுடுதா? அவளுக்கு மட்டும் முழுசாப் போட்டிருந்தான்."