நின்ற காரின் கரும்புகை

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், முன்சீட்டில் இருந்த மெக்கானிக் ஒருவர் பக்கத்திலிருந்த கார் டிரைவரிடம் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன்.

"உன்னத் திருடனாக்குனது ஒரு மஞ்சப்பைதான் மாப்ள."

"கிண்டலா மாமா? பெட்ரோல் திருடுறேன்னு முதலாளி வேலைய வுட்டே தொரத்திட்டாரு."

"அவரு காரு நின்னபடி இஞ்சின் ஓடுறப்ப கரும்புகை கக்குச்சுல்ல? கார்புரேட்டரப் பிரிச்சேன், சுத்தமாத்தான் இருந்துச்சு. அப்புறம் பாத்தா, காலையில ஸ்டார்ட் பண்ண இழுப்போமே சோக்கு, அந்தக் குமிழ்ல முதலாளி மஞ்சப்பைய மாட்டியிருக்காரு. அந்தக் கனத்துல சோக்கு வெளிய வந்து, பெட்ரோலக் குடிச்சிருக்கு."

"அவருகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். பைய எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு."

"என்னையப் பத்தி?"

"மூச்சு வுடல. இப்ப பெட்ரோல் மிச்சமாவுதாம். புது டிரைவர் யோக்கியன்னு பாக்குறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டிருக்காரு."